மேட்டுக்கு விதை ஏற்றும் பறவை

மகள், உன் வகுப்புப் பிள்ளைகளின் கேள்விகளை வாசித்துவிட்டுத் தனியாக இருந்து சிரித்தேன். யாரோ ஒரு பையன் வீட்டுப் போனில் வீடியோ பார்த்திருக்கிறான். கறுத்த உடம்பு, நீலக் கழுத்து, தலையில் கொம்பு மாதிரி ஒன்று, ஆள் உயரம். அடியில் ‘உலகத்திலேயே ஆபத்தான பறவை’ என்று போட்டிருந்ததாம். மறுநாள் தரம் ஐந்து முழுக்க இதே பேச்சு. இது டைனோசரா, ஏன் பறக்காது, ஆளைக் கொல்லுமா, நம்ம காட்டுக்குள்ளேயும் இருக்குமா? கடைசிக் கேள்வியைக் கேட்ட பிள்ளையின் லயத்துக்குப் பின்னால்தான் காடு தொடங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். அதனால் அந்தக் கேள்விக்கே முதலில் பதில்.

இல்லை. நம்ம காட்டில் இல்லை, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பிள்ளையைப் பயமில்லாமல் தூங்கச் சொல்.

அந்தப் பறவையின் பெயர் கசுவாரி. கசோவரி என்றும் எழுதுகிறார்கள். மூலம் மலாய்ச் சொல், எப்படிச் சொன்னாலும் பிழையில்லை. நியூகினித் தீவு, அதைச் சுற்றியுள்ள சில தீவுகள், அவுஸ்திரேலியாவின் வடகிழக்கு மூலையில் குயின்ஸ்லாந்து மழைக்காடு, இவ்வளவுதான் அதன் ஊர். பெயர் பிள்ளைகளுக்குப் புதிது, ஆனால் அதே பெயரில் பிறந்த இன்னொரு பெயரை அவர்கள் கேட்டிருப்பார்கள். யாழ்ப்பாணம் சுற்றுலா போனவர்கள் காரைநகர் கசூரினா கடற்கரையில் இறங்காமல் வந்திருக்க மாட்டார்கள். அங்கே நிற்கும் சவுக்கு மரத்துக்குத் தாவரவியலில் வைத்த பெயர் அது. சவுக்கின் தொங்கும் மெல்லிய கிளைகள் இந்தப் பறவையின் இறகு மாதிரி இருக்கின்றன என்றுதான் கசுவாரியின் பெயரை மரத்துக்குக் கொடுத்தார்கள். பாடத்தை நீ சவுக்கிலிருந்தே தொடங்கலாம்.

ஏன் இங்கே வரவில்லை என்று அடுத்து கேட்பார்கள், கேட்காவிட்டால் நீயே கேள். தீக்கோழி, ஈமு, ரியா, கிவி, கசுவாரி எல்லாம் பறக்காத ஒரே கூட்டம். நாங்கள் அந்தக் காலத்தில் படிப்பித்தது இப்படி: கோண்ட்வானா என்ற பெருங்கண்டத்தில் பறக்காத ஒரு மூதாதை இருந்தது, கண்டம் உடைந்து விலகியபோது ஒவ்வொரு துண்டிலும் ஒரு பிள்ளை ஏறிப் போனது. கேட்க அழகான கதை. உனக்கும் நான் அதைத்தான் கரும்பலகையில் கீறிக் காட்டினேன் என்று நினைக்கிறேன். மன்னித்துக்கொள். பிறகு மரபணு ஆய்வு வந்து அதைக் கலைத்துவிட்டது. மடகஸ்காரில் இருந்து அழிந்துபோன யானைப் பறவைக்கு மிக நெருங்கிய சொந்தம் பக்கத்து ஆபிரிக்காவின் தீக்கோழி அல்ல, எங்கோ கிடக்கும் நியூசிலாந்தின் சின்னக் கிவிதான் என்று 2014இல் தெரியவந்தது. தென்னமெரிக்காவில் டினமு என்று கௌதாரி போல ஒரு பறவை இருக்கிறது. அது பறக்கும். அதுவும் இந்தக் குடும்பத்துக்குள்ளேயே வருகிறது. அப்படியென்றால் மூதாதைகள் பறந்து போய்ச் சேர்ந்த இடங்களில் தனித்தனியாகத்தான் பறப்பதைக் கைவிட்டிருக்கின்றன. கசுவாரிக்குக் கூடப்பிறந்தது ஈமு. ஒன்று வெட்டவெளிக்குப் போனது, மற்றது காட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. நின்றது நன்றாக நீந்தும், ஆற்றை அலட்சியமாகக் கடக்கும். ஆனாலும் நமக்கும் அதற்கும் இடையில் இருப்பது மகாவலி கங்கை இல்லையே.

கசுவாரியில் மூன்று இனங்கள். வீடியோவில் வந்தது தென் கசுவாரி, கழுத்தில் சேவலுக்குத் தொங்குவது போல இரண்டு சிவப்புச் சதைத் தாடைகள் தொங்குவது. வடக்கு நியூகினியில் இருப்பதற்கு ஒரே தாடை. மூன்றாவது குள்ளக் கசுவாரி. அதற்குத் தாடையே இல்லை, நிமிர்ந்து நின்றால் ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் மேல். அது மலைநாட்டுப் பறவை. நியூகினியின் மலைகளில், பிதுருதலாகலையை விட உயரமான இடங்களிலும், பனியிலும் மூடுபனியிலும் திரிகிறது. ‘இது நம்மளைப் போல மலைக்காரன்’ என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். இந்தக் குள்ளனுக்குக் கடைசியில் வருகிறேன், அவனிடம்தான் விஷயம் இருக்கிறது.

நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை. அக்கா மகன் குயின்ஸ்லாந்தின் கெயார்ன்ஸ் நகரத்தில் வேலை செய்கிறான். ஓய்வு பெற்ற பிறகு அவனிடம் ஒரு மாதம் போய் நின்றேன். நம்ம மலையில் தேயிலைக்கு நிழல் கொடுக்கும் கிரவீலியாவும், விறகுக்கு வைத்த யூக்கலிப்டசும் அவுஸ்திரேலியக் கிழக்குக் கரையிலிருந்து வந்தவைதானே. போன முதல் நாளே சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. எட்டி பே என்ற சின்னக் கடற்கரைக்குக் கூட்டிப் போனான். மலைக்காடு இறங்கி வந்து மணலில் கால் வைக்கும் இடம். நாங்கள் வாங்கில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போது, பக்கத்துப் புதரிலிருந்து ஒரு சத்தமும் இல்லாமல் அது வெளியே வந்தது.

இருபது அடி இருக்கும். முதலில் கண்ணில் பட்டது நீலம். படத்தில் பார்த்து மனதில் வைத்திருந்த நீலம் இல்லை, கோயில் திருவிழாவில் மயிலுக்கு அடிக்கும் புதுப் பெயின்ற் போல ஒரு நீலம், கழுத்தின் பின்பக்கம் செம்மஞ்சளாக முடிகிறது. உடம்பை மூடியிருப்பதை இறகு என்று சொல்லக் கை வராது, கரடி மயிர் மாதிரித் தொங்கியது. சாதாரண இறகில் நரம்புகளை ஒன்றோடொன்று கொளுவி வைக்கும் சின்னக் கொக்கிகள் இருக்கும், இதற்கு அவை இல்லை. அதனால் நூல்நூலாகப் பிரிந்து தொங்குகிறது. ஒரே காம்பிலிருந்து சம நீளத்தில் இரண்டு இறகு முளைப்பது இன்னொரு விசித்திரம், ஈமுவுக்கும் அப்படித்தான். முள்ளும் கொடியும் நிறைந்த காட்டுக்குள் ஓடும் பறவைக்கு இது மழைச்சட்டை. தண்ணீர் வடிந்துவிடும், முள் உடம்பில் ஏறாது. சிறகு இருக்க வேண்டிய இடத்தில் விளக்குமாற்று ஈர்க்கு மாதிரிக் கறுத்த குச்சிகள் ஐந்தாறு நீட்டிக்கொண்டிருந்தன. பறக்கும் இறகுகளில் மிஞ்சியது அந்த ஈர்க்குகள் மட்டும்தான்.

கால்களைப் பிறகுதான் பார்த்தேன். வாழை மரத்தின் அடிக்கன்று போலத் தடித்த கால், செதில் செதிலாகத் தோல், மூன்று விரல்கள். உள்விரலின் நகம் மற்ற இரண்டையும் போல வளையாமல் நேராக நீண்டிருந்தது. கவ்வாத்துக் கத்தி வளைந்திருக்கும், இது குத்தூசி. 12 சென்ரிமீற்றர் வரை வளரும். உன் வகுப்பு அடிமட்டத்தில் அளந்து காட்டினால் போதும், ஒரு நிமிஷம் சத்தம் வராது.

அது எங்களைப் பொருட்படுத்தவில்லை. பின்னால் இரண்டு குஞ்சுகள் வந்தன. அப்போதுதான் மருமகன் சொன்னான், “மாமா, அது அப்பா. எழும்ப வேணாம், சும்மா இருங்க.” சோற்றுப் பார்சலை மட்டும் மெதுவாக மூடினான்.

தலையில் இருக்கும் கொம்பைப் பற்றிப் பையன்கள் நிறையக் கேட்டிருக்கிறார்கள். அது கொம்பு இல்லை. உள்ளே மெல்லிய எலும்பு, நிறையக் காற்றிடைவெளி, மேலே நம் நகம் எந்தப் பொருளோ அதே பொருளில் ஒரு உறை. குஞ்சுக்கு இருக்காது, வளர வளரத்தான் எழும்பும். எதற்கு என்பதில் நூறு வருஷமாக ஆள் ஆளுக்கு ஒன்று சொல்லி வந்தார்கள். காட்டுக்குள் தலையைக் குனிந்து புதரைப் பிளந்துகொண்டு ஓட என்றார்கள், விழும் பழம் தலையில் அடிக்காமல் இருக்க என்றும் ஒருவர். 2019இல் வெப்பப் படக் கருவியால் பார்த்தபோது ஒன்று தெளிவானது. வெயில் ஏறும்போது அந்தக் கவசத்தின் வழியாக உடம்புச் சூட்டை வெளியே விடுகிறது, குளிரும்போது விடாமல் பிடித்து வைக்கிறது. கறுப்பு உடுப்போடு வெப்பக் காட்டில் வாழும் அவ்வளவு பெரிய உடம்புக்கு ஒரு ஜன்னல் வேண்டும்தானே. பெட்டையோ சேவலோ எது பெரிய கவசம் வைத்திருக்கிறது என்று எதிராளி பார்த்துக்கொள்வதும் நடக்கலாம். ஒரு உறுப்புக்கு ஒரு வேலைதான் என்று சட்டமா?

குரலிலும் ஒரு சங்கதி உண்டு. அண்ட்ரூ மேக், ஜொஷ் ஜோன்ஸ் என்ற இருவர் பப்புவா நியூகினியில் இவற்றின் குரலைப் பதிவு செய்து 2003இல் எழுதினார்கள். தென் கசுவாரியின் ஒலி 32 ஹேர்ட்ஸ் (நொடிக்கு 32 அதிர்வு) வரை இறங்குகிறது, குள்ளக் கசுவாரியின் ஒலி 23 வரை. மனிதக் காது கேட்கும் கீழ் எல்லை ஏறக்குறைய 20. அதாவது காதுக்குக் கேட்பதை விட நெஞ்சுக்குத்தான் கேட்கும். காமன் கூத்தில் பெரிய தப்பு மேளத்துக்குப் பக்கத்தில் நின்றால் விலா எலும்புக்குள் ஏதோ உருளுமே, அந்த மாதிரி. அடர்ந்த காட்டில் மெல்லிய கீச்சுச் சத்தம் இலையில் பட்டுச் சிதறிவிடும். அடித்தொனி தூரம் போகும். தனியாகத் திரிகிற பறவைக்கு ‘நான் இங்கே இருக்கிறேன், கிட்ட வராதே’ என்று சொல்ல அதுதான் வழி.

டைனோசரா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: ஆமாம், ஆனால் உங்கள் வீட்டுக் கோழியும்தான். எல்லாப் பறவைகளும் டைனோசர் வம்சம். கசுவாரி மற்றப் பறவைகளை விட அதிகம் டைனோசர் என்றில்லை, தோற்றம் மட்டும் நம்மை அப்படி நினைக்க வைக்கிறது. சீனாவில் கிடைத்து 2017இல் பெயர் வைத்த ஒரு டைனோசருக்குக் கசுவாரி போலவே தலையில் முகடு இருந்தது. இலங்கைக் காட்டுக்கோழி நம் தேசியப் பறவை, உன் பாடசாலைக்குப் போகும் பாதையிலேயே காலையில் மேயும். அதன் காலைப் பார்க்கச் சொல். செதில் ஒன்றுதான், அளவுதான் வித்தியாசம்.

இனி ஆபத்து. இதில்தான் எனக்கு அந்த வீடியோக்காரன் மேல் கோபம்.

உதைத்தால் உயிர் போகும் என்பது உண்மை. முன்னுக்கும் கீழுக்குமாக உதைக்கும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும், ஒன்றரை மீற்றர் எழும்பிக் குதிக்கும். 1926இல் குயின்ஸ்லாந்தில் 16 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். தம்பியும் நாயும் கூட இருக்க, இரண்டு பேரும் தடியால் அதை அடிக்கப் போயிருக்கிறார்கள். பையன் தடுக்கி விழுந்த நேரம் கழுத்தில் பட்டது. 2019இல் அமெரிக்காவின் புளோரிடாவில் வீட்டில் கசுவாரி வளர்த்த 75 வயது மனிதர் ஒருவர் விழுந்து, அது தாக்கி இறந்தார். இடையில் ஏறக்குறைய நூறு வருஷம். நம்ம மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டிப் போன உயிர்களை உன் தோட்டத்துப் பெரியவர்களே விரல் மடக்கிச் சொல்வார்கள். குளவிக்கு யாரும் அப்படித் தலைப்புப் போடுவதில்லை.

குயின்ஸ்லாந்தில் நடந்த தாக்குதல்களை ஒருவர் உட்கார்ந்து எண்ணி 1999இல் வெளியிட்டார். மொத்தம் 221 சம்பவம், அதில் மனிதர் மேல் நடந்தவை 150. அந்த 150இல் நாலில் மூன்று பங்கு, ஆட்கள் முன்பு தீனி போட்டுப் பழக்கிய பறவைகள் செய்தவை. வாழைப்பழம் கொடுத்துப் படம் எடுத்துப் பழக்கிவிடுகிறார்கள். அடுத்த ஆள் வெறுங்கையோடு வரும்போது அது ‘எங்கே என் பழம்’ என்று கேட்கிறது. அது கேட்கும் விதம் உதை. அதனால்தான் அங்கே தீனி போடுவது சட்டப்படி குற்றம், மருமகன் பார்சலை மூடியதும் அதனால்தான். ஓட்டன் சமவெளிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறாய் அல்லவா? வாகனம் நிறுத்தும் இடத்தில் மரைகள் வந்து நிற்குமே, பிஸ்கட் பையைக் கண்டால் கழுத்தை நீட்டி, கை வைத்தால் முட்டப் பார்த்து. ஐம்பது வயது மனிதர் ஒருவர் அதன் வாயில் பொலித்தீனோடு ரோல்ஸ் ஊட்டுவதை நானே பார்த்தேன். “ஐயா, வேணாம்” என்றேன். “பாவம், பசிக்குது” என்றார். பாவம் பார்த்துத்தான் அங்கேயும் தொடங்குகிறது.

எதிரில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பிள்ளை கேட்டிருக்கிறது. நல்ல கேள்வி, அவசியம் வராவிட்டாலும். முதுகைக் காட்டி ஓடக் கூடாது, முகம் பார்த்தபடியே பின்வாங்க வேண்டும், இடையில் ஒரு மரத்தையோ புத்தகப் பையையோ வைத்துக்கொள்ள வேண்டும். நாயைக் கூட்டிப் போகவே கூடாது. நாயைக் கண்டால் அதற்கு ஆகாது, நாய்க்கு அதைக் கண்டாலும் ஆகாது. குஞ்சுகளை நாய் கொல்கிறது.

குஞ்சு என்றதும் அந்த அப்பாவைச் சொல்ல வேண்டும். இங்கே பெட்டைதான் பெரியது, நிறமும் அதற்குத்தான் பளிச்சென்று இருக்கும். 70 கிலோவைத் தாண்டும் பெட்டைகள் உண்டு, தீக்கோழிக்கு அடுத்த பாரமான பறவை இதுதான். அவுஸ்திரேலியாவில் யூன் மாதம் தொட்டு முட்டையிடும் காலம். இலைகளைக் கொஞ்சம் கூட்டி வைத்த தரைதான் கூடு. மூன்று முதல் ஐந்து முட்டைகள், பச்சை நிறம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 14 சென்ரிமீற்றர் நீளம். இட்டுவிட்டுப் பெட்டை போய்விடும், சில நேரம் அடுத்த சேவலிடம். சேவல் ஐம்பது நாள் போல அடைகாக்கும், பொரித்த பிறகு ஒன்பது மாதம் வரை கூட்டித் திரியும். எது தின்னலாம், எங்கே தண்ணீர் என்று காட்டுவதும் அதுதான். பிள்ளைக்காம்பரா, ஆயா, வாத்தியார் எல்லாம் ஒரே ஆள். குஞ்சின் உடம்பில் காட்டுப்பன்றிக் குட்டிக்கு இருப்பது போல நீளவாட்டில் மண்ணிறக் கோடுகள். காய்ந்த இலைக்குள் நின்றால் கண்ணுக்குத் தெரியாது. கோடு மறைந்து, மண்ணிறமாகி, முழுக் கறுப்பும் நீலமும் வர மூன்று வருஷம் போல ஆகும்.

இதைச் சொல்லும்போது ஒன்றை மட்டும் பார்த்துக்கொள். அம்மா வெளிநாட்டில் இருக்க, அப்பாவோ தாத்தாவோ வளர்க்கும் பிள்ளைகள் உன் வகுப்பில் இரண்டு மூன்றாவது இருப்பார்கள். ‘அம்மா விட்டுட்டுப் போயிடும்’ என்று சொல்லி வகுப்பைச் சிரிக்க வைக்காதே. ‘இந்தப் பறவையில் வளர்க்கிறது அப்பா’ என்று மட்டும் சொல்.

இப்போது குள்ளனிடம் வருகிறேன்.

கசுவாரியின் சாப்பாடு பெரும்பாலும் விழுந்த பழம். நத்தை, காளான், தவளை, செத்த எலி கிடைத்தாலும் விடாது, ஆனால் சீவனம் பழத்தில்தான். கடிக்காது, கொத்தாது, அப்படியே விழுங்கும். முழு வாழைப்பழம் அந்த நீலக் கழுத்துக்குள் ஒரு மேடாக இறங்கிப் போவதைத் தோலுக்கு வெளியே பார்க்கலாம். கோழி கல்லும் மணலும் விழுங்கி வயிற்றிலேயே தானியத்தை அரைக்கும். கசுவாரியின் வயிறு அப்படி அரைப்பதில்லை. சதையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, சில மணி நேரத்தில் கொட்டையை முழுசாக வெளியே தள்ளிவிடும். அரளிக் குடும்பத்தில் நஞ்சுக் காய் ஒன்று அந்தக் காட்டில் உண்டு, மற்ற மிருகம் பெரும்பாலும் தொடாது. இது தின்றுவிட்டுப் போகும். அதற்குப் பெயரே கசுவாரிப் பழம்.

எட்டி பேயில் அந்த அப்பா போன பிறகு, பாதையோரத்தில் அதன் எச்சம் கிடந்தது. மரியாதைக்கு எச்சம் என்கிறேன், பிள்ளைகள் வேறு சொல் சொல்வார்கள், சொல்லட்டும். நம் சோற்றுத் தட்டளவு குவியல். நாற்றம் என்று பெரிதாக இல்லை, புளித்த பழ வாடைதான். ஒரு குச்சியால் கிளறினேன். உள்ளே ருத்திராட்சம்! கோடு கோடாகச் சுருங்கிய மணிகள், நாற்பது ஐம்பது இருக்கும். மருமகன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். அது நீலக் குவாண்டாங் மரத்தின் கொட்டை, வெளியே பளீரென்ற நீலப் பழம். அந்த மரம் ருத்திராட்ச இனம்தான், எலியோகார்ப்பஸ் என்பார்கள். உன் பிள்ளைகள் உப்பும் தூளும் போட்டுத் தின்னும் வெரளிக்காயும் அதே எலியோகார்ப்பஸ்தான். தாத்தாவின் கழுத்தில் இருப்பதும், பாடசாலை வாசலில் விற்பதும், கசுவாரியின் வயிற்றிலிருந்து வருவதும் ஒரே வம்சம் என்று அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது.

ரைபரோசா என்று அங்கே அரிதான ஒரு மரம். அதன் கொட்டையைச் சும்மா விதைத்தால் நூறில் நாலுதான் முளைத்தது. கசுவாரியின் வயிற்றுக்குள் போய் வந்த கொட்டையில் நூறுக்கு 92 முளைத்தது. அந்தப் பறவையால் விதை பரவும் தாவரங்கள் 200க்கும் மேல் என்று கணக்கு. இதில் பெரிய கொட்டை மரங்களுக்கு வேறு ஆள் இல்லை என்றே சொல்லலாம். சின்னப் பழத்தைக் கொண்டைக்குருவி தூக்கும், மலைப்புறா தூக்கும், மரநாய் தூக்கும். முட்டையளவு கொட்டையை எந்தக் குருவி தூக்கும்?

மலையில் இருக்கும் நமக்கு இது சமவெளிக்காரரை விட நன்றாக விளங்க வேண்டும். எங்கள் லயத்துக்குப் பின்னால், தேயிலை முடியும் இடத்தில், ஒரு ஆனைக்கொய்யா மரம் நின்றது. பழம் விழுந்தால் நிற்காது. ‘தொம்’ என்று ஒரு சத்தம், பிறகு தேயிலை அடியில் சரசரவென்று உருண்டு, கானுக்குள் விழுந்து, கானோடு போய்க் கீழே பீலிக்கரையில் நிற்கும். அம்மாவுக்கு மரத்தடியில் பழம் பொறுக்கிப் பழக்கமே இல்லை, பீலியில் தண்ணீர் எடுக்கப் போகும்போது வாளியில் போட்டுக்கொண்டு வருவார். கொட்டையும் அங்கேதான் முளைத்தது. கன்று முழுக்கப் பள்ளத்தில், மேட்டில் ஒன்றும் இல்லை. பாரமான கொட்டை உள்ள ஒரு காட்டு மரத்தை இந்தச் சரிவில் வைத்து யோசித்துப் பார். ஒவ்வொரு தலைமுறையும் ஒரு படி கீழே இறங்கும். சில நூறு வருஷத்தில் அந்த மரம் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், மேட்டில் வேறு காடு நிற்கும்.

அப்படியானால் நியூகினி மலையுச்சியில் பெருங்கொட்டை மரங்கள் எப்படி நிற்கின்றன? முன்பு சொன்ன அதே மேக், க்ரேட்டர் மவுன்டன் காட்டில் குள்ளக் கசுவாரியின் எச்சத்தைத் தேடித் தேடி அளந்து 1995இல் எழுதினார். அவர் பார்த்தது வேப்பங் குடும்பத்து மரமொன்றின் விதைகளை. தாய் மரத்திலிருந்து நூற்றுக்கணக்கான மீற்றர் தள்ளி, அதுவும் பெரும்பாலும் மேட்டுப் பக்கமாக, எச்சத்தில் கிடந்தன. பள்ளத்தில் பழம் பொறுக்கித் தின்றுவிட்டு, மேலே ஏறிப் போய்க் கழிக்கிறது. மலை கீழே தள்ளுவதை அந்தப் பறவை ஒவ்வொரு நாளும் முதுகில் கொழுந்துக் கூடை சுமப்பது போல வயிற்றில் சுமந்து மேலே ஏற்றுகிறது. உதையை எல்லாரும் வீடியோ எடுக்கிறார்கள். இதை எடுக்க ஆளில்லை, குந்தியிருந்து எச்சம் பார்க்க யாருக்குப் பொறுமை?

நம்ம மலையில் இந்த வேலையைச் செய்தது யார் என்று கேட்டால், யானை என்பேன். நுவரெலியாப் பக்கம் யானை என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டாம், இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் மேஜர் ரொஜர்ஸ் என்று ஒருவன், தனியாளாக 1,400 யானைகளுக்கு மேல் சுட்டான் என்று பதிவு. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தான், நுவரெலியாவில் புதைத்தார்கள். கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் காடு வெட்டியது பாதி, துவக்கு மீதி. மேலே விதை ஏற்றும் பெரிய வயிறு இந்த மலையில் இல்லாமல் போனது. இருப்பதை வைத்துக் குரங்கும் மரையும் மரநாயும் முடிந்ததைச் செய்கின்றன.

‘அப்ப கசுவாரியைக் கொண்டுவந்து விட்டால் என்ன டீச்சர்’ என்று ஒரு குறும்பன் நிச்சயம் கேட்பான். வெள்ளைக்காரன் தூண்டில் போட ஆசைப்பட்டு மலை ஓடைகளில் விட்ட ட்ரவுட் மீனும், ஓட்டன் சமவெளியில் மஞ்சளாகப் பூத்துப் புல்லை மூடும் முட்செடியும் போதும் என்று சொல்லிவிடு.

நியூகினிக்காரருக்கு இந்தப் பறவையோடு உள்ள உறவு தனிப் பாடமாகவே எடுக்கலாம். அங்கே மலையில் வாழும் கலாம் மக்கள் பறவைகளை எல்லாம் ஒரு சொல்லில் அடக்குவார்கள். கசுவாரியை அதில் சேர்க்க மாட்டார்கள், அதற்குத் தனி வகை. வேட்டையாடினாலும் ரத்தம் சிந்தாமல் கட்டையால்தான் அடிக்க வேண்டும் என்ற முறை இருந்திருக்கிறது. இன்னொன்று என்னை அசத்தியது. நியூகினி மலைக் குகைகளில் கிடைத்த பழைய முட்டை ஓடுகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள். 18,000 வருஷத்துக்கு முன்பிருந்தே ஆட்கள் அந்த முட்டைகளைப் பொறுக்கியிருக்கிறார்கள், அதுவும் நிறைய ஓடுகள் பொரிக்கும் தறுவாயில் இருந்த முட்டைகளுடையவை. சுட்டுத் தின்றதும் உண்டு, சுட்ட அடையாளம் இல்லாததும் உண்டு. பொரிக்க வைத்து வளர்த்திருக்கலாம் என்கிறார்கள். கண் திறந்ததும் யாரைப் பார்க்கிறதோ அவர் பின்னால் போகும் குஞ்சு, வளர்ப்பது சுலபம். மனிதன் கோழி வளர்க்கத் தொடங்கியதற்கு எத்தனையோ ஆயிரம் வருஷம் முந்திய சங்கதி அது. வீடியோக்காரனின் ‘ஆபத்தான பறவை’யை அந்த மலைக்காரப் பிள்ளைகள் கோழிக்குஞ்சு போல் பின்னால் கூட்டித் திரிந்திருக்கக்கூடும்.

இன்றைய நிலை: உலகக் கணக்கில் தென் கசுவாரிக்கு உடனடி ஆபத்து இல்லை, நியூகினிக் காடு பெரிது. அவுஸ்திரேலியாவில் அழியும் நிலையில் உள்ளதாக அறிவித்திருக்கிறார்கள். 2014 வாக்கில் மதிப்பிட்டபோது 4,400 அளவில் இருந்தன. காடு துண்டு துண்டானது முதல் காரணம், அடுத்தது வாகனம், நாய். 2006இலும் 2011இலும் பெரும் புயல் அடித்துக் காட்டில் ஒரு பழம் மிஞ்சாமல் போனபோது, தீனி போடாதே என்று தண்டம் விதிக்கும் அதே அரசாங்கம் காட்டுக்குள் பழம் கொண்டுபோய் வைத்தது, ஆள் முகம் தெரியாத இடமாகப் பார்த்து. அந்தப் பக்கத்து ஊரொன்றில் பாதையில் ஒரு பலகை இருந்தது. வேகத்தடைக்குப் போட்ட மேட்டுப் படத்தை யாரோ மாற்றி, விழுந்து கிடக்கும் கசுவாரியாக்கி வைத்தார்கள். அவர்களுடைய மழைக்காடும் நம் சிங்கராஜாவும் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது ஒரே வருஷம், 1988. நம் மத்திய மலைநாடு, சிவனொளிபாத மலைக்காடும் ஓட்டன் சமவெளியும் நக்கிள்சும் சேர்ந்து, 2010இல் ஏறியது. பொது அறிவுப் பாடத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்.

குவாண்டாங் கொட்டை ஒன்றாவது கொண்டுவந்திருந்தால் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கலாம். மருமகன் விடவில்லை, விமான நிலையத்தில் பிடித்தால் அவனுக்குத்தான் தொல்லை. பரவாயில்லை. அப்பாவின் மாலையிலிருந்து அறுந்த ருத்திராட்ச மணி ஒன்று என் மேசை லாச்சியில் கிடக்கிறது, அடுத்த கிழமை பஸ்ஸில் வருகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன். வெரளிக்காயை நீ வாங்கு. சதையைப் பிள்ளைகளே தின்று முடிக்கட்டும், கொட்டையைக் கழுவிக் காயவைத்து மணியையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வை. பிறகு பாடசாலைக்குப் பின்னால் உள்ள சரிவில் ஒரு கொட்டையை உருட்டிவிட்டு, எங்கே போய் நிற்கிறது என்று பார்க்கச் சொல்.